கூரை வெப்பமும் வீட்டுக் காற்றோட்டமும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை என்பது யாவரும் அறிந்ததே. உறையுள் என்றவுடன் மழைக்கு ஒழுகாத கூரையும் உறுதியான கதவுமே நம் நினைவிற்கு வருகின்றன. அவ்வீட்டினுள் காற்று எவ்வழியே புகுகிறது, எவ்வழியே வெளியேறுகிறது, கூரையில் விழும் வெயில் எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பனவற்றை வீடு கட்டும்போது எண்ணிப் பார்ப்போர் சிலரே. வீடு கட்டி முடிந்த பின்னரோ அவ்வீட்டில் வாழ்வோர் ஒவ்வொரு கோடையிலும் இக்கவனக்குறைவின் பயனை அனுபவிக்க நேரிடுகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை வட்டாரங்களில் இம்மாற்றத்தை நன்கு காணலாம். ஒரு புறம் நெல் வயல்களும் ஏரிகளும், மறு புறம் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் ஆலைகளும் உள்ள பகுதி இது. ஒரு தலைமுறைக்கு முன் இங்கே பல குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தன. இப்போது அவற்றின் இடத்தில் கான்கிரீட் தள வீடுகளும், ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த வீடுகளும், ஆலைத் தொழிலாளருக்கு வாடகைக்கு விடப்படும் வரிசை வீடுகளும் எழுந்துள்ளன. 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டமும், 2011-இல் பசுமை வீடுகள் திட்டமும் தொடங்கப்பெற்றன. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 360 சதுர அடி வீடுகளை அமைத்து, 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகத்தை உருவாக்குவதை நோக்கமாகக் கொண்டது.

குடிசை தீக்கு எளிதில் இரையாகும், ஆண்டுதோறும் வேய வேண்டும், புயலில் பறக்கும். அது மறைவது நன்றே. ஆயினும் அதனிடம் இரண்டு நற்குணங்கள் இருந்தன. ஓலை வெயிலை உள்ளே விடாது. புகையும் சூடான காற்றும் ஓலை இடுக்குகளின் வழியே தாமே வெளியேறும். குடிசை மறைந்தபோது இவ்விரு குணங்களும் உடன் மறைந்தன. புதிய வீட்டில் இவற்றை நாமே திட்டமிட்டு அமைக்கவும், ஆண்டுதோறும் பேணவும் வேண்டும். அதற்கான வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

கூரை வெப்பம்

ஒரே கனமுள்ள கான்கிரீட்டையும் ஓலை வேய்ச்சலையும் ஒப்பிட்டால், ஓலை கடத்தும் வெப்பம் கான்கிரீட் கடத்துவதில் சுமார் இருபதில் ஒரு பங்கே ஆகும். கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை அதனைக் கீழே உமிழ்கிறது. வெளியே குளிர்ந்த காற்று வீசும் வேளையிலும் வீட்டினுள் புழுக்கம் தணியாமைக்கும், மக்கள் திண்ணையிலும் தெருவிலும் பாய் விரிப்பதற்கும் இதுவே காரணம். இந்நிலையில் மின்விசிறியைச் சுழற்றினால், தளத்தை ஒட்டி நிற்கும் சூடான காற்றே கீழே தள்ளப்படுகிறது.

இதற்கு நம் நாட்டுக் கொத்தர்கள் கண்ட பரிகாரம் தளத்தின்மேல் சுருக்கி போடுவதாகும். செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து 3 அங்குலக் கனத்திற்குக் குறையாமல் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நன்கு அடித்து இறுக்குவர். அதன்மேல் தட்டோடு பதிப்பர். பொதுப்பணித் துறையின் வழக்கமான கலவை 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு ஆகும், மணல் சேர்ப்பதில்லை. செங்கல் ஜல்லியில் உள்ள நுண்ணிய துளைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது, நீர்க்கசிவும் நிற்கிறது. செலவைக் குறைக்க எண்ணி இதனை விட்டுவிட்டு, தளத்தின்மேல் வெறும் சிமென்ட் பூச்சோடு நிறுத்துவது பின்னர் வருந்துவதற்கே இடமாகும்.

சுருக்கி போட இயலாதவர் சுண்ணாம்பையாவது பூசலாம். தளத்தைக் கழுவிப் பாசியை நீக்கிய பின், நீர்த்த சுண்ணாம்புடன் சிறிது பசை கலந்து இரண்டு மூன்று முறை பூச வேண்டும். கறுத்த தளம் வெயிலில் பெரும்பகுதியை உட்கொள்ளும். வெண்மையான தளம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். உள்ளறையின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறைவதை அவ்வீட்டார் உணர்வர். மழை சுண்ணாம்பைக் கரைத்துவிடுமாகையால், அக்கினி நட்சத்திரத்திற்கு முன் ஒவ்வோர் ஆண்டும் பூசுவது நலம்.

புதிதாகத் தளம் போடுவோர்க்கு மற்றொரு வழியும் உண்டு. கேரளத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டிற்குப் பதிலாக ஓடுகளைப் பதிக்கும் முறையைப் பரப்பினார். இரண்டு ஓடுகளிடையே தங்கும் காற்று வெப்பத்தைத் தடுப்பதோடு, கான்கிரீட்டின் அளவும் குறைகிறது. கம்பிகளின் இடைவெளியைக் கணக்கிட வேண்டியிருப்பதால், பொறியாளரின் மேற்பார்வையிலேயே இதனைச் செய்தல் வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த வீட்டார் ஒரு செய்தியை மறக்கலாகாது. இத்தகட்டில் உள்ள கல்நார் இழை தூசியாகி நுரையீரலில் சேர்ந்தால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை விளைவிக்கக் கூடும். ஆகவே பழைய தகட்டை உடைத்தல், அறுத்தல், துளையிடுதல், உலர்ந்த நிலையில் தேய்த்தல் ஆகியவை கூடா. தகட்டின் கீழ் மூங்கில் சட்டம் கட்டிப் பாயைத் தாங்கவிடலாம். பாய்க்கும் தகட்டிற்கும் இடையே ஓரடி இடைவெளியும், அவ்விடைவெளியின் இரு முனைகளிலும் காற்றுப் போகும் துளைகளும் இருத்தல் அவசியம். அடுப்பு எரியும் அறையில் பாயோ தெர்மோகோலோ கட்டுவது தீ விபத்திற்கு இடந்தரும்.

காற்று வரவும் போக்கும்

ஒரு பக்கம் மட்டும் சன்னல் உள்ள அறையில் காற்று ஓடாது. குடத்தின் வாயில் எவ்வளவு ஊதினாலும் காற்று அதனுள் ஓடாதது போன்றதே இது. வரும் வழியும் போகும் வழியும் எதிரெதிர்ச் சுவர்களில் அமைய வேண்டும். போகும் வழி, வரும் வழியைவிடச் சிறிதாகாமல் இருத்தல் நலம்.

1970-இல் முதன்முதல் வெளியிடப்பட்டு, 2016-இல் திருத்தி அமைக்கப்பட்ட தேசியக் கட்டட விதித் தொகுப்பு, ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் கதவு நீங்கலாகத் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது. நம் கடற்கரைப் பகுதிக்கு இவ்விதியே பொருந்தும். 10 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறைக்கு ஏறக்குறைய 17 சதுர அடி தேவை. 4 அடிக்கு 3 அடியுள்ள சன்னல் ஒன்று 12 சதுர அடியே தரும். எதிர்ச்சுவரில் 2½ அடிக்கு 2 அடியுள்ள சன்னல் ஒன்று சேர்ந்தால் கணக்கு நிறைவுறும்.

இப்பகுதியில் கோடை நாட்களில் முற்பகலில் மேல்காற்று அனலாக வீசும். நண்பகலுக்குப் பின் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். ஆதலின் முற்பகலில் மேற்குச் சன்னல்களை மூடித் திரையிட்டும், கடற்காற்று வந்தபின் கிழக்கு, தென்கிழக்குச் சன்னல்களைத் திறந்தும் வைப்பது பயன் தரும். இரவு முழுவதும் திறந்து வைத்தால் சுவர்கள் குளிரும். கொசுவிற்கு அஞ்சி அடைப்பதைவிட வலை அடிப்பதே மேல். மேற்குச் சுவரை ஒட்டி வேம்போ புங்கமோ வளர்ப்பின் அச்சுவர் சூடேறாது.

சூடான காற்று மேலெழும் இயல்புடையது. ஆகவே வென்டிலேட்டர் என்று கொத்தர்கள் கூறும் மேல்சாளரத்தைத் தளத்தை ஒட்டியே அமைக்க வேண்டும். பல வீடுகளில் இச்சாளரம் இருந்தும், பழந்துணியும் அட்டையும் செருகி அடைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். சாரல் வராதிருக்க வெளிப்புறம் சிறு சரிவுப் பலகையோ சாய்ந்த கண்ணாடிச் சட்டமோ வைத்தால் அடைக்க வேண்டிய தேவை எழாது.

சமையலறைப் புகை

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டு அடுப்புப் புகை முதலியவற்றால் 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர். பெண்களும், அவர்கள் அருகிலேயே இருக்கும் குழந்தைகளுமே இப்புகையை அதிகம் உட்கொள்கின்றனர்.

நம் நாட்டில் இதனை நீக்கும் முயற்சி நெடுநாட்களாக நடைபெற்று வருகிறது. வார்தாவின் மகன்வாடியில் மகன் அடுப்பு உருவாயிற்று. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு அமைத்த புகையில்லா அடுப்பைப் பற்றிய அவரது நூல் 1953-இல் சென்னையில் வெளியாயிற்று. 1983-இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2016-இல் உஜ்வலா திட்டத்தின்கீழ் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கப்படலாயிற்று. பழைய திட்டங்களில் பல அடுப்புகள் கைவிடப்பட்டதற்கு ஒரு முக்கிய காரணம், அவற்றின் புகைபோக்கியைப் பேணுவார் இல்லாமையே. குழாயில் கரி அடைத்ததும் புகை மீண்டும் வீட்டினுள் திரும்பியது, அடுப்பு பழிக்கப்பட்டது.

வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் இன்றும் விறகு எரிப்போர் உளர். அவர்கள் 4 அங்குலக் குழாயை, கூடியமட்டும் வளைவின்றி, கூரைக்கு மேல் இரண்டு மூன்று அடி உயருமாறு நிறுத்த வேண்டும். மழை புகாமல் உச்சியில் மூடி இருத்தல் வேண்டும். மாதம் ஒருமுறை, நீண்ட கழியின் நுனியில் சாக்குத் துணி கட்டிக் கரியை நீக்க வேண்டும்.

எரிவாயு அடுப்பு வைத்திருப்போர் மற்றோர் உண்மையை அறிய வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகையால் மேல்சாளரம் மட்டும் போதாது. சுவரின் அடிப்பகுதியிலும் ஒரு திறப்பு வேண்டும். மழைக் காலத்தில் கதவு சன்னல்களை அடைத்துக் கொண்டு கரி அடுப்பு மூட்டுவதும், வீட்டினுள் ஜெனரேட்டரை இயக்குவதும் உயிருக்கே கேடு. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

ஆலைத் தூசி

ஆலைகளுக்கும் செங்கற் சூளைகளுக்கும் அருகில் உள்ள ஊர்களில், சன்னலைத் திறந்தால் தூசி வருகிறது என்ற குறை நியாயமானதே. அதற்காக வீட்டை நிரந்தரமாக அடைத்துவிட்டால் உள்ளேயுள்ள புகையும் வியர்வை ஈரமும் வெளியேறாமல் நோய்க்குக் காரணமாகும். புகை கண்ணுக்குத் தெரியும் நேரங்களில் அப்பக்கத்துச் சன்னலை மட்டும் மூடி, காற்று மாறியபின் திறக்கலாம். கொசுவலையை வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் தூசி படிந்து காற்று புகாது. தரையை உலர் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பதே நன்று. ஆனால் சன்னலை மூடுவது ஆலைப் புகைக்குப் பரிகாரம் ஆகாது. புகை வந்த நாளையும் நேரத்தையும் காற்று வீசிய திசையையும் குறித்து வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்குக் கிராம சபையின் வாயிலாக எழுதுதல் வேண்டும்.

குளிர்சாதனம்

இப்பொழுது கிராமங்களிலும் குளிர்சாதனம் வைப்போர் பெருகி வருகின்றனர். கூரை வெப்பத்தைத் தடுக்காமல் இதனை வைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும். முதலில் கூரையைக் கவனித்து, பின்னர் கதவு சன்னல் இடுக்குகளைச் செம்மை செய்து, அதன் பின்னரே குளிர்சாதனத்தை வாங்க வேண்டும். அதன் வடிகட்டி வலையை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கழுவி உலர்த்த வேண்டும். வெப்ப அளவை 24 டிகிரியில் வைப்பது உடலுக்கும் மின் கட்டணத்திற்கும் ஏற்றது. காலையில் அவ்வறையின் சன்னல்களைத் திறந்து புதுக்காற்றை விடுதல் வேண்டும்.

ஆண்டுப் பராமரிப்பு

இப்பணிகளை மாதங்களோடு இணைத்துக் கொண்டால் மறதிக்கு இடமில்லை. போகியன்று பழையன கழிக்கும்போதே மேல்சாளரங்களின் அடைப்பையும் ஒட்டடையையும் புகைபோக்கியின் கரியையும் நீக்கலாம். பங்குனியில் தளத்தைக் கழுவிச் சுண்ணாம்பு பூசலாம். ஆவணி, புரட்டாசியில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தளத்தின் வெடிப்புகளை அடைத்து, நீர் வடியும் குழாய்களில் சருகு நீக்கலாம். ஈரம் கோத்த தளம் வெப்பத்தையும் தடுக்காது. நாளடைவில் கம்பியும் துருப்பிடிக்கும்.

பஞ்சாயத்தின் கடமை

தனி மனிதர் செய்யக் கூடியவை இவை. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக் கூடியவையும் உள. வீட்டுத் திட்டங்களின்கீழ் அடித்தளம் குறிக்கும் நாளன்று ஒருவர் உடனிருந்து, எதிரெதிர்ச் சன்னல்களும் மேல்சாளரமும் புகைபோக்கிக்கான இடமும் குறிக்கப்பட்டனவா எனப் பார்க்கலாம். தளம் போட்டபின் சுவரை உடைத்துச் சன்னல் வைப்பதற்கு ஆகும் செலவில், முதலிலேயே வைத்தால் சிறு பகுதியும் ஆகாது. முதுகோடு முதுகு ஒட்டி வரிசை வீடுகள் கட்டுவோரிடம், பின்புறம் நடையளவு இடம் விட்டுச் சன்னல் வைக்குமாறு வற்புறுத்தலாம். அங்கே உறங்குவோர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவராயினும், நம் ஊரின் காற்றையே சுவாசிக்கின்றனர். அங்கன்வாடி, பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் ஆகியவற்றின் தளங்களுக்கு முதலில் சுண்ணாம்பு பூசிக் காட்டினால், மக்கள் தாமே பின்பற்றுவர்.

2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெள்ளத்திற்கும் புயலுக்கும் முன்னேற்பாடு செய்வது போலவே வெயிலுக்கும் முன்னேற்பாடு தேவை. பெரும்பாலும் அதற்கு வேண்டுவன ஒரு மூட்டைச் சுண்ணாம்பும், ஒரு நாள் உழைப்பும், அடைத்த சாளரத்தைத் திறக்கும் மனமுமே. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்து விவாதித்து, வரும் பங்குனிக்குள் ஊரின் எத்தனை தளங்கள் வெண்மை பெறும் என்று முடிவு செய்வது ஒவ்வொரு கிராமத்திற்கும் நன்மை பயக்கும்.