காணாத உறவும் வராத பொதியும்

கைத்தொலைபேசி இன்று நமது வாழ்வின் ஒரு பகுதியாகிவிட்டது. இடம்பெயர்ந்து சிதறிப்போன குடும்பங்களுக்கு அது பெரும் உதவி. கனடாவிலுள்ள அண்ணனோடும், புத்தளத்தில் குடியேறிவிட்ட பழைய அயலவரோடும், தமிழ்நாட்டு முகாமிலுள்ள மாமியோடும் பேச அதுவே வழி. ஆனால் அதே கருவி வழியாக முன்பின் தெரியாத ஒருவர் அன்போடு பேசி, நெல் விற்ற காசையும் காதுத் தோட்டையும் கொண்டுபோய்விடுவதும் நடக்கிறது. இதனைக் காதல் மோசடி என்கிறார்கள். இது எப்படி நடக்கிறது, நல்ல அறிவுள்ளவர்களும் ஏன் இதில் விழுகிறார்கள், நாம் என்ன செய்யலாம் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. மோசடி நடக்கும் விதம்

இலங்கையில் பலரும் அறிந்த முறை 'பரிசுப் பொதி' மோசடியாகும். முகநூலில் ஒருவர் நட்புக் கேட்கிறார். வெளிநாட்டில் வைத்தியர், கப்பல் பொறியியலாளர், இராணுவ அதிகாரி என்று தம்மைச் சொல்லுகிறார். மனைவியை இழந்தவர் என்றும் சொல்லக்கூடும். படம் வேறு யாருடையதோ. பிறகு பேச்சு வட்ஸ்அப்புக்கு மாறுகிறது. காலை வணக்கமும், "சாப்பிட்டீர்களா?" என்ற விசாரிப்பும் நாள்தோறும் வருகின்றன. பல வாரங்களுக்குப் பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

பின்பு திருமணப் பேச்சு வருகிறது. நகையும் டொலரும் வைத்து ஒரு பொதி அனுப்பியதாகப் படம் வருகிறது. சில நாட்களில் இன்னொருவர் அழைத்து, "கட்டுநாயக்க விமான நிலையத்தில் உங்கள் பொதி நிற்கிறது. சுங்கத் தீர்வை கட்டவேண்டும்" என்கிறார். கட்டினால், அபராதம் என்று இன்னொரு தொகை. அதையும் கட்டினால், வேறொரு பெயரில் மூன்றாவது தொகை. பொதி வருவதில்லை, ஏனெனில் பொதியே இல்லை. இத்தகைய குற்றச்சாட்டுகளில் நம் நாட்டில் தங்கியிருந்த நைஜீரிய நாட்டவர் சிலரும், அவர்களுக்குத் தம் வங்கிக் கணக்கைக் கொடுத்து உதவிய இலங்கையரும் கைதாகியுள்ளனர்.

தந்திரம் புதியதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே, ஸ்பெயினில் செல்வந்தர் ஒருவர் சிறையில் இருக்கிறார், மீட்கப் பணம் அனுப்பினால் அவருடைய புதையலில் பங்கு உண்டு என்று கடிதங்கள் பல நாடுகளுக்கும் போயின. இன்று கடிதத்தின் இடத்தில் கைத்தொலைபேசி இருக்கிறது.

2. ஏன் விழுகிறோம்?

"பேராசை" என்று சொல்லிவிடுவது இலகு. அது உண்மையல்ல. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் காதல் மோசடி பற்றி முறையிட்டார்கள். அவர்கள் இழந்தது 130 கோடி டொலர். படிப்போ வசதியோ அவர்களைக் காக்கவில்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது, தனிமையும் நம்பிக்கையும். கணவனை இழந்தவர், மணவயது கடந்து காத்திருப்பவர், பிள்ளைகள் தூரதேசம் போய்விட்ட பெற்றோர் ஆகியோரிடம் நாள்தோறும் நலம் விசாரிக்க எவருமில்லை. மோசடிக்காரர் அந்த வெற்றிடத்தில்தான் வந்து அமர்கிறார். மேலும், வெளிநாட்டிலிருந்து வந்த உதவியால் வீடு கட்டியவர்கள், கிணறு வெட்டியவர்கள் நம்மிடையே உண்டு. தூரத்துக் குரலை நம்பியது நமக்கு முன்னர் உண்மையாகவே பயன் தந்தது. போருக்குப் பின், "உங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறார்" என்று சொல்லிக் காணாமற்போனோரின் தாய்மாரிடம் பணம் பறித்தவர்களும் இதே நம்பிக்கையில்தான் கை வைத்தார்கள்.

இரண்டாவது, சிறிது சிறிதாக இழுத்தல். 25,000 ரூபா கட்டியவர், அது வீணாகக்கூடாதென்று 60,000 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட காசு போய்விடுமே என்று, பட்டுப்போன பயிருக்கு மேலும் மேலும் உரம் போடுவதைப் போன்றது இது.

மூன்றாவதுதான் முக்கியமானது: இரகசியம். "வீட்டாருக்கு இப்போது சொல்லவேண்டாம், நான் வந்து எல்லோரையும் மகிழ்விப்பேன்" என்பார். மோசடிக்காரர் முதலில் கேட்பது பணத்தை அல்ல, மௌனத்தையே. மௌனம் கிடைத்தபின் பணம் தானாக வரும்.

3. மறுபக்கத்தில் இருப்பவர் யார்?

சில வேளைகளில் அவரும் ஏமாற்றப்பட்டவரே. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்ட இலங்கை இளைஞர் பலர், மியன்மாரின் மியாவதிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டு இந்த மோசடியைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். 2024இல் அவர்களுள் ஒரு பகுதியினர் மீட்கப்பட்டனர். மியன்மாரில் மட்டும் குறைந்தது 120,000 பேர் இவ்வாறு சிக்கியிருக்கக்கூடும் என ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் தெரிவித்தது. ஆகவே, வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீடுகளும் விழிப்பாயிருக்கவேண்டும்.

"உங்கள் வங்கிக் கணக்கையும் அட்டையையும் தாருங்கள், மாதம் ஒரு தொகை தருவோம்" என்ற பேச்சுக்கும் இணங்கக்கூடாது. களவுப் பணம் உங்கள் பெயரில் வரும். பொலிசாரும் உங்களிடமே வருவார்கள்.

4. நாம் செய்யவேண்டியவை

அ) நேரில் காணாதவருக்குப் பணம் இல்லை. இந்த ஒரு விதியை வீட்டு விதியாக்குவோம். வீடியோவில் முகம் தெரிந்தாலும் விதி மாறாது. முகத்தையும் குரலையும் மாற்றிக்காட்டும் வசதி இப்போது உண்டு.

ஆ) சுங்கத் திணைக்களம் தனியாளின் கணக்கில் பணம் போடும்படி கேட்பதில்லை. தீர்வை கட்டினால் அரச பற்றுச்சீட்டு உண்டு.

இ) பணம் கட்டுமுன், நகை அடகு வைக்குமுன், ஒருவருக்காவது சொல்லவேண்டும். பெரும்போக நெல் விற்ற காசு கையிலிருக்கும் மாசி, பங்குனி மாதங்களில் இது மேலும் அவசியம்.

ஈ) பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கு அறிவியுங்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம். செய்திகளை அழிக்கவேண்டாம். வங்கிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறையிடுங்கள். 101 என்ற இலக்கத்தில் இலங்கை கணினி அவசரப் பிரிவின் ஆலோசனையும், 1938 என்ற இலக்கத்தில் பெண்களுக்கான உதவியும் பெறலாம்.

உ) அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினாலும் பணம் கொடுக்கவேண்டாம். ஒருமுறை கொடுத்தால் மிரட்டல் நிற்காது, வளரும்.

5. அயலவரின் பொறுப்பு

ஏமாந்த பெண்ணைச் சந்தியிலும் குழாயடியிலும் வைத்துச் சிரித்தால், அடுத்ததாக ஏமாறுகிறவர் வாய் திறக்கமாட்டார். நமது ஏளனமே மோசடிக்காரருக்கு இரண்டாவது வேலி. ஊரைவிட்டு ஓடிய நாளில் ஒருவர் மூட்டையை ஒருவர் தூக்கியவர்கள் நாம். இந்தச் சுமையையும் அவ்வாறே பகிர்வோம். "நீ எப்படி ஏமாந்தாய்?" என்று கேளாமல், "வா, வங்கிக்குப் போவோம்" என்போம்.

குழுவில் கலந்துரையாட:

• நமது கிராமத்தில் தனிமையில் வாழ்பவர்கள் யார்? அவர்களைக் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தோம்?
• பணம் கேட்டு வரும் அழைப்பைப் பற்றி வெட்கமின்றிச் சொல்லக்கூடிய இருவரை நமது மாதர் சங்கத்தில் தெரிவுசெய்ய முடியுமா?
• வெளிநாட்டு வேலை என்று வரும் அழைப்பை உறுதிப்படுத்த யாரிடம் விசாரிக்கலாம்?