முகத்துக்கு நீலம் பூசலாமா?
(வாட்டர் கலரில் ஒரு பயிற்சி)

இரண்டாம் ஆண்டு, அச்சுத் தொழில்நுட்பப் பிரிவு



ஓவியம் என்றால் அது ஓவியக் கல்லூரிக்காரர்கள் சமாச்சாரம், டிப்ளமோ படிக்கிற நமக்கு எதுக்கு என்று சிலர் கேட்கலாம். நம்மிடம் டிராயிங் போர்டு இருக்கிறது, பென்சில் இருக்கிறது, கோடு போட்டுப் பழகிய கை இருக்கிறது. தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். மனித முகத்தை நீலம், பச்சை, ஊதா என்று நாமே தேர்ந்தெடுத்த வண்ணங்களில் வரைந்து, அதில் உணர்ச்சியையும் கொண்டுவருவது எப்படி என்பதே இக்கட்டுரை.

நமக்குப் புதிதா இது?

இல்லவே இல்லை! நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள். கண்ணன் நீலம், ராமன் பச்சை. "முகம் ஏன் நீலமா இருக்கு?" என்று எந்தப் பாட்டியாவது கேட்டதுண்டா? சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டி, பிறகு கோவில்பட்டியில் தங்கிவிட்ட ஓவியர் சி. கொண்டைய ராஜு (1898–1976) தம் சீடர்களோடு வரைந்த சாமி படங்கள், நம் சிவகாசி அச்சகங்கள் வழியாக ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தன. அப்படிப்பட்ட படங்களில் நீல முகத்திலும் கன்னத்தில் வெளிச்சம் இருக்கும், தாடைக்குக் கீழே நிழல் இருக்கும். அதனால்தான் அந்த முகம் நம்மைப் பார்க்கிறது.

சாதாரண மனுஷருக்கு இப்படிப் பூசியபோதுதான் சண்டை வந்தது. 1905-இல் பாரிஸ் கண்காட்சியில் ஆன்ரி மத்தீஸ் தம் மனைவியின் முகத்தில் பச்சையும் மஞ்சளுமாகத் தீட்டிய எண்ணெய் ஓவியத்தை வைத்தார். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். அந்தக் குழுவுக்கே 'காட்டு விலங்குகள்' என்று ஒரு விமர்சகர் பெயர் வைத்தார். அந்தப் பெயரே கலை வரலாற்றில் நிலைத்துவிட்டது!

லென்ஸ் சொல்லும் பாடம்

அச்சுத் துறை நண்பர்களுக்கு இது தெரியும். மற்றவர்களும் ஒருமுறை லென்ஸ் வைத்து காலண்டரில் உள்ள ஒரு முகத்தைப் பாருங்கள். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறப் புள்ளிகள்தான் தெரியும். தோல் நிற மை என்று ஒரு சொட்டுகூடக் கிடையாது. புள்ளிகளைக் கூட்டிக் குறைத்து, நம் கண்ணைத்தான் சேர்த்துப் பார்க்க வைக்கிறார்கள். ஆக, முகத்தை முகமாக்குவது எது? எந்த இடம் வெளிச்சம், எந்த இடம் இருட்டு என்கிற கணக்கு. அந்தக் கணக்கு சரியாக இருந்தால், நிறம் உங்கள் இஷ்டம்.

பயிற்சி முறை

தேவையானவை: கெட்டியான பேப்பர் (300 ஜி.எஸ்.எம். என்றால் தண்ணீர் பட்டு அதிகம் நெளியாது), மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை ஆகிய நான்கு வாட்டர் கலர், 4 மற்றும் 8-ஆம் எண் ரவுண்ட் பிரஷ், இரண்டு டம்ளர் தண்ணீர், பழைய வேட்டித் துணி.

1. ஒருவரை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சின்னச் சின்ன விவரம் மறைந்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்று பகுதிகள் தெரியும். மேப் போடுவதுபோல் மெல்லிய கோட்டில் பிரித்து 1, 2, 3 என்று குறியுங்கள்.

2. முதல் தாளில் நீலம் மட்டும். 1-க்கு நிறையத் தண்ணீர், 2-க்குக் கொஞ்சம், 3-க்குக் கெட்டியாக. ஆள் யாரென்று அடையாளம் தெரிகிற வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

3. அடுத்த தாளில் 1-க்கு மஞ்சள், 2-க்கு சிவப்பு அல்லது பச்சை, 3-க்கு நீலமும் சிவப்பும் கலந்த ஊதா. மஞ்சளை எவ்வளவு கெட்டியாகப் பூசினாலும் இருட்டாகாது. அதனால் அதை நிழலுக்கு வைக்காதீர்கள். நீலம் அப்படியில்லை, தண்ணீர் சேர்த்தால் வெளிச்சத்துக்கும் உதவும்.

4. கன்னம், கழுத்து ஆகிய இடங்களில் ஈரம் காய்வதற்குள் பக்கத்து நிறத்தைத் தொட்டு விடுங்கள், தானே ஓடிக் கலக்கும். கண், மூக்குத் துவாரம், உதட்டுக் கோடு மட்டும் நன்றாகக் காய்ந்த பிறகு. நம் ஊர் வெயிலில் தாள் சீக்கிரம் காய்ந்துவிடும். பின்பக்கத்தையும் நனைத்துக்கொண்டால் நேரம் கிடைக்கும்.

5. கண்ணில் உள்ள ஒளிப்புள்ளிக்குத் தாளின் வெள்ளையையே விட்டு வையுங்கள். ஒரே இடத்தில் மூன்று பூச்சுக்கு மேல் போனால் சேறாகிவிடும்.

6. முடிந்ததும் செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். அதிலும் முகம் முகமாகத் தெரிந்தால் கணக்கு சரி.

இன்னொரு சூட்சுமம். ஆரஞ்சும் நீலமும், சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள். கலந்தால் மங்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். பாரிஸில் ஒரு நெசவுத் தொழிற்சாலையின் சாயப் பிரிவைக் கவனித்த செவ்ருல் என்ற வேதியியலார் இதை ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். தொழிற்கூடத்தில் பிறந்த பாடம் இது, நம் பாடம்!

யாருடைய நிறம்?

அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி ஒரு வெளிர் கலர் குச்சிக்கு 'தோல் நிறம்' என்று பெயர் வைத்திருந்தது. எல்லோர் தோலும் அந்த நிறமில்லை என்பதால் 1962-இல் பெயரை மாற்றியது. நமக்கு இந்தச் செய்தி தூரத்துச் செய்தி இல்லை. ஒரு போட்டோ ஸ்டுடியோவில் என் அம்மாவின் முகத்தைக் கேட்காமலே ரெண்டு மடங்கு வெளுப்பாக்கிக் கொடுத்தார்கள். "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். நல்லாத்தான் இருந்தது, ஆனால் அம்மா இல்லை.

அம்மா பயர் ஆபீஸில் கம்பி மத்தாப்புக்கு மருந்து முக்குகிறவர். சாயங்காலம் வேன் விட்டு இறங்கும்போது காதோரத்திலும் புருவத்திலும் அலுமினியப் பவுடர் வெள்ளிச் சாம்பலாய் மினுங்கும். கண்ணுக்குக் கீழே களைப்பு நீலமாய்ப் படிந்திருக்கும். நெற்றியில் மட்டும் மேற்கு வெயிலின் மஞ்சள். நான் வரைந்தது அந்த மூன்று நிறத்தில்தான். படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "என்னடா, நான் ஓஞ்சு போய் வர்றது அப்படியே இருக்கு" என்றார். தோல் நிறம் துளியும் இல்லாத படத்தில்தான் அவர் தன்னைக் கண்டுபிடித்தார்.

ஆகவே நண்பர்களே, கண்ணில் பட்ட கலரையெல்லாம் அள்ளிப் பூசுவது இந்தக் கலை இல்லை. இந்த ஆளிடம் நான் எதைப் பார்த்தேன், அதற்கு எந்த நிறம் என்று கேட்டுப் பூச வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ், அச்சாபீஸ் என்று உழைக்கிற நம் வீட்டு முகங்களை நாம் வரையாவிட்டால் வேறு யார் வரைவார்கள்? விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நாலு கலரும் ஒரு பிரஷ்ஷும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் நீலம் மட்டும். மற்றதெல்லாம் தானாக வரும்!