தொலைதூரப் பிழைகாணலில் சிம்பல் கோப்புகள்: ஏற்றப்படாமைக்குக் காரணங்களும் பரிகாரங்களும்

கள நிலையங்களில் நிறுவப்பட்டுள்ள சிறு கம்ப்யூட்டர்களில் இயங்கும் மென்பொருள் சிற்சில வேளைகளில் எதிர்பாராது நின்றுவிடுவதுண்டு. அவற்றைக் கழற்றிப் பணிமனைக்குக் கொண்டுவருதல் எப்போதும் இயலுவதன்று. ஆதலின், கருவி தன் இடத்திலேயே இருக்க, நெட்வொர்க் வாயிலாகப் பிழையைத் தேடும் முறை கையாளப்படுகிறது. இம்முறையில் பலரும் முதலில் எதிர்ப்படும் இடையூறு, சிம்பல்கள் ஏற்றப்படாமையே ஆகும்.

சிம்பல் என்பது யாது?

நிரல் எழுதுவோர் அதன் பகுதிகளுக்குப் பெயர் இடுகின்றனர். கம்பைலர் அதனை இயந்திர மொழிக்கு மாற்றிய பின்னர் எஞ்சுபவை முகவரி எண்களே. எந்த எண் எப்பெயருக்கும் மூல நிரலின் எவ்வரிக்கும் உரியது என்பதைக் காட்டும் அட்டவணையே சிம்பல் விவரமாகும். புல எண் மட்டும் தெரிந்து, பட்டாப் பதிவேடு கைவசம் இல்லாதவர் நிலத்துக்கு உரியவரை எவ்வாறு அறியார்களோ, அவ்வாறே சிம்பல் இல்லாதவர் பிழையின் இருப்பிடத்தை அறியார்.

பதிவேடு எங்கே இருத்தல் வேண்டும்?

லினக்ஸ் கருவிகளில் பெரிதும் உபயோகிக்கப்படுவது, 1986-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜி.டி.பி. என்னும் பிழைகாண் கருவியாகும். களத்தில் ஜி.டி.பி.சர்வர் என்னும் சிறு துணை நிரல் இயங்குகிறது. அது சிம்பல்களைப் படிப்பதில்லை, பணிமனையிலுள்ள ஜி.டி.பி.யே அவற்றைப் படிக்கிறது. எனவே, பெரிய சிம்பல் கோப்புகளைக் கள இயந்திரத்தில் நிரப்புதல் அவசியமன்று. சிம்பல் நீக்கப்பட்ட நிரலே அங்கு இருப்பினும் போதும்.

மூன்று காரணங்கள்

முதலாவது, சிம்பல் இல்லாமை. கம்பைல் செய்யும்போது ‘-ஜி’ என்னும் குறிப்பைக் கொடாவிடில் வரி விவரங்கள் உண்டாகா. உண்டானவையும் ‘ஸ்ட்ரிப்’ கட்டளையால் நீக்கப்பட்டிருக்கலாம். நீக்குமுன் அவற்றைத் தனிக் கோப்பாகப் பிரித்துச் சேமித்தலே பரிகாரம்.

இரண்டாவது, கோப்பு இருந்தும் தேடுமிடத்தில் இல்லாமை. ‘இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி’ என்னும் கட்டளை, எந்த நூலகக் கோப்புக்குச் சிம்பல் படிக்கப்பட்டது, எதற்குப் படிக்கப்படவில்லை என்பதைப் பட்டியலாகக் காட்டும். 2015-இல் வெளியான 7.10 பதிப்பு முதல், தனியே வழி குறிக்கப்படாவிடில் ஜி.டி.பி. இந்நூலகங்களைக் கள இயந்திரத்திலிருந்தே வருவித்துக்கொள்கிறது. தொடர்பு மெதுவாயின் இதற்கு நெடுநேரமாகும். அப்போது கள இயந்திரத்தின் நூலகங்களுக்குப் பணிமனையில் ஒரு படி வைத்து, ‘செட் சிஸ்ரூட்’ கட்டளையால் அவ்விடத்தைக் குறிப்பிடுதல் நலம். பணிமனைக் கம்ப்யூட்டரின் சொந்த நூலகங்கள் அவற்றுக்கு ஈடாகா.

மூன்றாவது, பொருந்தாத கோப்பு ஏற்றப்படுதல். இதுவே அபாயம் மிக்கது. முன்னிரண்டும் தம் குறையைத் தாமே வெளிப்படுத்தும். இதுவோ நம்பத்தக்க தோற்றத்துடன் தவறான விடை தரும். வேற்றூர்ப் பதிவேட்டிலும் அதே புல எண் இருக்கும். உரியவர் மட்டும் வேறாவார்.

எடுத்துக்காட்டாக, மழையளவு பதியும் கருவியொன்று நின்றுவிட்டதாகக் கொள்வோம். கருவி அனுப்பப்பட்ட பின் நிரலில் சில வரிகள் சேர்க்கப்பட்டன; புதிய நிரலின் சிம்பல் கோப்பே ஏற்றப்பட்டது. பிழை உண்மையில் தகவலைச் சேமிக்கும் பகுதியில் இருக்க, அளவைப் படிக்கும் பகுதியை ஜி.டி.பி. சுட்டுகிறது. குற்றமற்ற பகுதி திருத்தப்படுகிறது; கருவி மீண்டும் நிற்கிறது; இடைப்பட்ட நாட்களின் மழைக் கணக்கு இழக்கப்படுகிறது.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. இணைப்பு நிரல் வழக்கமாக ஒவ்வொரு நிரலிலும் ‘பில்ட் ஐடி’ என்னும் 40 இலக்க அடையாளத்தைப் பதிக்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். ‘ரீட்எல்ஃப் -என்’ கட்டளையால் கள நிரலின் அடையாளத்தையும் சிம்பல் கோப்பின் அடையாளத்தையும் ஒப்பிடுக. இரண்டும் ஓரிலக்கமும் மாறாது ஒத்திருத்தல் வேண்டும். கோப்பின் பெயரோ தேதியோ சான்றாகா. மூல நிரல் ஒன்றேயாயினும், வேறு கம்பைலரால் மீண்டும் ஆக்கப்பட்டது பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை.

சிம்பல் குறையென மயங்கத்தக்கவை

சிம்பல் ஏறியும் மூல நிரலின் வரிகள் தோன்றாவிடில், நிரல் ஆக்கப்பட்ட கோப்புறையின் பாதை மாறியிருக்கலாம். ‘செட் சப்ஸ்டிட்யூட்-பாத்’ கட்டளை இதனைச் சீர்ப்படுத்தும். ஒரு மாறியின் மதிப்பிற்குப் பதிலாக ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ எனத் தோன்றினால், கம்பைலர் வேகங்கருதி அதனை அங்கு விட்டுவைக்கவில்லை என்பதே பொருள்.

ஆசிரியர்கள் கவனத்திற்கு

சிறு நிரல் ஒன்றை ஆக்கி, பின் அதில் சில வரிகள் சேர்த்து, புதிய சிம்பலைப் பழைய நிரலுக்கு ஏற்றி மாணவர்க்குக் காட்டலாம். தவறான வரியை ஜி.டி.பி. சுட்டுவதை அவர்கள் நேரிற் கண்டால், சரிபார்த்தலின் அவசியம் மனத்திற் பதியும். களப் பணியாளர்கள், அனுப்பப்படும் ஒவ்வொரு நிரலுடனும் அதன் சிம்பல் கோப்பையும் பில்ட் ஐடியையும் பதிவு செய்து பாதுகாத்து வருவார்களாயின், பிழை நேரும் நாளில் தேடுதல் வேண்டாம். ஒப்பிடுதல் மட்டுமே எஞ்சும்.