பெயரைப் பார்த்துப் பயம் வேண்டாம்

கேள்வி: மாதவிலக்கு நின்றபின் வறட்சி, தாம்பத்தியத்தில் வலி. மருந்துக்கடையில் சிலிக்கோன் ஜெல் வாங்கினேன். அட்டையில் டைமெத்திக்கோன், சைக்ளோபென்டாசிலாக்சேன் என்று என்னென்னவோ பெயர்கள். உடம்புக்குள் போனால் ஆபத்தா? தேங்காய் எண்ணெய் போதாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: டைமெத்திக்கோன் உங்களுக்குப் புதிதல்ல, தலைக்குத் தடவும் சீரத்தில் இருப்பதும் அதுதான். வயிற்று வாயுவுக்குத் தரும் சிமெத்திக்கோன் அதன் நெருங்கிய சொந்தம். மூலக்கூறுகள் பெரியவை என்பதால் தோல் உறிஞ்சுவதில்லை, மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும். தண்ணீர் கலக்காத ஜெல்லுக்குப் பாராபென் போன்ற பதப்படுத்திகளும் பெரும்பாலும் தேவைப்படாது. எரிச்சல் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சைக்ளோபென்டாசிலாக்சேன் ஆவியாகிவிடும், ஜெல்லை இலகுவாக்கத்தான் சேர்க்கிறார்கள். கழுவி விடும் அழகுப் பொருள்களில் இதை 0.1 சதவீதத்துக்குள் ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் கட்டுப்படுத்தியது, நீர்நிலைகளில் சிதையாமல் தங்குகிறது என்பதால். உறுத்தினால், இது இல்லாத ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள். வாசனை, 'சூடேற்றும்' வகைகள் வேண்டவே வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். சிலிக்கோன் அப்படிச் செய்யாது. ஆனால் படுக்கை விரிப்பில் கறை விடும். குளியலறைத் தரையில் சிந்தினால் வழுக்கும், உடனே சோப்புப் போட்டுத் துடையுங்கள்.

ஜெல் வறட்சிக்கு மருந்து அல்ல. வலி தொடர்ந்தால் மகளிர் மருத்துவரிடம் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பற்றிக் கேளுங்கள். மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தாமதிக்காமல் போய்க் காட்டுங்கள்.