சிசுவின் தலையில் இறுகும் குருதிக்கட்டி

பிறந்த மறுநாள் குழந்தையின் தலையில் ஒரு புறமாக வீக்கமொன்று தோன்றக் கண்டு தாய் கலங்குதல் இயல்பே. கலங்குவதனால் தீங்கில்லை, எண்ணெய் தடவிப் பிசைந்து அமுக்குவதும், ஊசியாற் குத்தி எடுத்துவிடும்படி வைத்தியரை வற்புறுத்துவதுமே தீங்காகும். ஆதலின் வைத்தியம் கற்கப் புகும் நம் மாணவரும், தந்தையராகிவிட்ட பழைய மாணவரும் இதனை ஓரளவு அறிந்திருத்தல் நன்று.

மண்டையோட்டின் என்புகளை மெல்லிய சவ்வொன்று போர்த்துள்ளது. பிரசவ வேளையில், சிறப்பாக இடுக்கியாலோ உறிஞ்சு கருவியாலோ குழந்தை எடுக்கப்படும்போது, அச்சவ்வு என்பினின்றும் பெயர்ந்து, நுண்குழாய்கள் கிழிந்து, இடையே குருதி தேங்கும். இதுவே செபலோஹீமற்றோமா. 100 பிரசவங்களில் ஒன்றிரண்டிற் காணப்படுவது. சவ்வு என்பின் ஓரங்களில் இறுகப் பற்றியிருத்தலால் வீக்கம் என்புப் பொருத்தைக் கடவாது. இதனையே முதற்குறியாகக் கொள்க. பிறக்கும்போதே தோன்றிச் சில நாளில் வடியும் தோல் வீக்கமோ பொருத்தைக் கடந்து பரவும். உச்சித் தோலின் நார்ப்படலத்தின்கீழ்ப் பெருகும் குருதியும் அவ்வாறே கடக்கும். ஆனால் அது உயிருக்கு இடர் விளைப்பது. நாடி விரைந்து குழந்தை வெளிறுமாயின் கணமும் தாழ்த்தலாகாது.

பெரும்பாலான கட்டிகள் சில வாரங்களில் தாமே மறையும். அக்காலத்திற் கவனிக்க வேண்டியது மஞ்சட்காமாலை. தேங்கிய குருதி சிதைய, பிலிருபின் மிகும். ஊசியிட்டாலோ கிருமி புகுந்து சீழ்க்கட்டியாகலாம்.

4 வாரம் கடந்தும் கரையாதவற்றுட் சில இறுகத் தொடங்கும். பெயர்ந்த சவ்வு தன் இயல்பின்படி புதிய என்பை ஆக்குதலே காரணம். முதலில் ஓரம் வரம்புபோல் எழ, நடு மெத்தென்றிருக்கும். தடவிப் பார்ப்பவர் என்பு உள்ளே குழிந்துவிட்டதென மயங்குவர். மாணவனாயிருந்த காலத்தில் யானும் மயங்கியதுண்டு. பின்னர் முழுவதும் ஓடுபோல் மூடிவிடும்.

ஐயமுண்டாயின் எக்ஸ் கதிர்ப்படம் உதவும். அறுவை கருதினால் சி.ரி. ஸ்கான் வேண்டும். அதில் உள்ளோட்டின் வளைவையே நோக்குக. அது மாறாதிருப்பின் முதல் வகை. மூளைப் பக்கமாகக் குழிந்திருப்பின் இரண்டாம் வகை. மேடு சிறிதாயின் காத்திருத்தலே சிகிச்சை. வளரும் மண்டையோடு தன்னைத் தானே சீர்ப்படுத்திக்கொள்ளும். சிலர் தலைக்கவசம் அணிவிப்பர். கோணல் பெரிதாகி நீங்காதாயின் மேலோட்டை அரிந்தெடுப்பர். இரண்டாம் வகையிற் குழிந்த என்பையும் எடுத்துத் திருத்திப் பொருத்தவேண்டும். எனினும் இவ்வறுவை பெரும்பாலும் தோற்றங் கருதியதே. கத்தியை எடுக்குமுன் வைத்தியர் பெற்றோருக்கு ஒரு கணக்கை எடுத்துரைத்தல் வேண்டும்: குழந்தையின் உடலில் ஒரு கிலோ நிறைக்கு ஏறத்தாழ 80 மில்லிலீற்றர் குருதியே உண்டு, 6 கிலோக் குழந்தையிடம் உள்ளது அரை லீற்றருக்குங் குறைவு.