கர்ப்பிணிகளும் குடிநீரும்

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி வட்டாரத்தில் தாகம் எளிதில் தெரிவதில்லை. கார் நடவில் நிற்கும் கர்ப்பிணியும், திண்ணையில் பீடி சுற்றும் கர்ப்பிணியும் பகல் முழுதும் ஒரு செம்பு நீரும் அருந்தாதிருப்பதுண்டு. ஒதுங்க மறைவிடம் இன்மையே பலருக்குக் காரணம். இதனை ஆண்மக்கள் அறியார், அறிந்தாரும் பேசுவதில்லை.

சிசுவைச் சூழ்ந்துள்ள பனிநீர், கர்ப்பத்தின் பிற்பாதியில் பெரும்பாலும் சிசு கழிக்கும் சிறுநீரேயாகும். சிசு அதனை விழுங்குவதும் கழிப்பதுமாக அது நாடோறும் புதிதாகின்றது. 34-வது வாரத்தில் ஏறக்குறைய 800 மில்லிலிட்டர் இருந்து, 40-வது வாரத்தில் 600 அளவிற்கு இறங்கும். தாயின் இரத்தத்தில் நீர் குன்றின் சிசுவிற்குச் செல்லும் நீரும் குன்றும். பனிநீர் குறைந்த கர்ப்பிணிகள் 2 லிட்டர் நீர் அருந்தியபின் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், அளவு சற்று உயர்ந்தமை ஆராய்ச்சிகளிற் காணப்பட்டுளது.

ஆயினும் பனிக்குடம் கசிந்தோ, நஞ்சு பழுதுற்றோ குறைந்ததைக் குடிநீர் ஈடு செய்யாது. நீர் ஒழுகினும், சிசுவின் அசைவு குறையினும் அப்பொழுதே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.

கால் வீங்கினால் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் தவறு. வீக்கத்துடன் தலைவலியும் கண்மங்கலும் காணின் இரத்த அழுத்தம் பார்ப்பது அவசரம். இருதயம், சிறுநீரகம் பழுதுற்றோர் வைத்தியர் கூறும் அளவே அருந்துக. ஏனையோர்க்கு நாளொன்றுக்கு 2 முதல் 2½ லிட்டர் தகும். மோரும் கஞ்சித் தெளிவும் இதிற் சேரும். சிற்றாற்றில் புதுவெள்ளம் கலங்கி வருங்கால் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே குடித்தல் வேண்டும்.

சங்கத்தார் நடவு வயலருகே ஒரு தட்டி மறைப்பும், மூடிய குடமும் வைக்க அதிகச் செலவாகாது.