இல்லாமையா, கொடாமையா?

கப்பல்துறைப் பக்கத்தில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில், "வீட்டில் காசு விடயத்தில் கொடுமை உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் "இல்லை" என்பார்கள். "போன மாதம் உங்கள் கூலிக்காசை யார் வைத்திருந்தார்? தாலிக்கொடி இப்போது எங்கே?" என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

பொருளாதார வன்முறையை அளக்க முயன்றோர் கற்ற முதற் பாடம் இது. 'கொடுமை' என்ற சொல்லைக் கேள்வியில் வைக்காமல், நடந்த செயலைக் காலம் குறித்துக் கேட்கவேண்டும். 2008இல் அமெரிக்காவில் அட்ரியென் ஆடம்ஸ் குழுவினர் 28 கூற்றுகளைக் கொண்ட அளவுகோல் ஒன்றை அமைத்தனர். வேலைக்குப் போகவிடாமலும் காசைக் கொடாமலும் மனைவியைக் கட்டுப்படுத்துவது அதில் ஒரு பகுதி. அவளுடைய உழைப்பையும் உடைமையையும் சுரண்டுவதும், அவள் தலையில் கடன் ஏற்றுவதும் மற்றது.

இடம்பெயர்ந்த எமக்கு இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. வயலும் மாடும் போன வீட்டில் கணவனிடமும் காசில்லை. அவன் கொடாததை வன்முறையென்று எழுதினால் அது அநியாயம். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வி இதைக் கருத்தில் கொள்கிறது: வேறு செலவுக்குக் காசு இருந்தும் வீட்டுச் செலவுக்குத் தர மறுத்தாரா? சாராயத்துக்கு இருந்த காசு அரிசிக்கு இல்லையென்றால் அதை வறுமையென்று எழுத முடியாது. (ஆண்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள்.)

எமது நிலைமைக்கு இன்னும் சில கேள்விகள் வேண்டும். கடன் யார் பெயரில், காசு யார் கையில்? உதவியாகக் கிடைத்த ஆட்டை விற்கும்போது உங்களைக் கேட்டார்களா? காணி அனுமதிப்பத்திரத்தில் உங்கள் பெயர் உண்டா? நுண்கடனுக்குக் கையொப்பம் வைப்பவள் மனைவி, செலவழிப்பவர் கணவர், தவணைக்காரருக்கு ஒளிபவள் மீண்டும் மனைவி. இது எத்தனை வீடுகளில்!

2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு வாழ்நாளில் உள்ளான பெண்கள் 20.4 வீதம் என்று அது கண்டது. ஆனால் 2005இல் இயற்றப்பட்ட எமது வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதார வன்முறையைப் பெயரிட்டுச் சொல்லவில்லை. அதே ஆண்டில் இந்தியா இயற்றிய சட்டம் சொல்கிறது. எனினும், வசதியிருந்தும் பராமரிக்காத கணவர்மீது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் மனைவி விண்ணப்பிக்கலாம்.

கேட்கப் போகும் சங்க அங்கத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பெண் தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள். பெயரை எழுதாதீர்கள். கணவர் வந்துவிட்டால் தாளை மடித்துவிட்டுப் பிள்ளையின் தடுப்பூசியைப் பற்றிப் பேசுங்கள்.